எட்டுப் புள்ளிக்கு மூன்று சேனல்

படைப்புக்கு வந்திருந்தார்கள், எட்டுப் புள்ளியும்.
கண்டனூரில் அந்தத் தெரு திரும்பும்போதே
என் போன் வரிசையாகக் காட்டியது:
சோலை ஹோம், வயிரவன் பினாங்கு, சிகப்பி,
தொடாதே,
இன்னும் நான்கு.
எட்டு ரவுட்டர்.
எட்டும் ஆறாம் சேனலில்.

படம் ஓடவில்லை, வட்டம்தான் சுற்றுகிறது என்று புகார்.
சுவரைக் குற்றம் சொன்னார்கள்,
இரண்டடி கனம், ஒரு அலை தாண்டாது என்று
பாதிப் பெருமையும் பாதிக் கோபமுமாக.
சுவர் மேல் தப்பில்லை.
சுவர் இருப்பதால்தான் இவ்வளவாவது வருகிறது.
வளவின் நடுவே வானம் திறந்து கிடக்கிறதே,
அங்கே வந்து எட்டும் முட்டிக்கொள்கின்றன.
ஒன்று பேசி முடிக்கட்டும் என்று மற்றது காத்திருந்து
காத்திருப்பதிலேயே பொழுது போகிறது.

ஒன்று, ஆறு, பதினொன்று.
ஒன்றையொன்று உரசாதவை மூன்றே.
மூன்றை எட்டாகப் பிரிக்க உட்கார்ந்தார்கள்
பாகப் பத்திரத்துக்கு உட்கார்வது போல, நடுவில் காபி வைத்து.
ஒன்றாம் நம்பர் மூத்தவருக்கு என்றார் மூத்தவர்.
அப்படியானால் பதினொன்றுதானே பெரிசு என்றார் பினாங்குக்காரர்.
நம்பரில் பெரிசு சிறிசு இல்லீங்க,
அவரவர் அறைக்கு எட்டுகிற அளவு
பவரைக் குறைத்துக்கொண்டாலே போதும்
என்றேன்.
அதை மட்டும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

மூத்தவர் சோலையப்பனுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர்.
அதற்கு நேர் மேலே, இடது பையில், போன்.
தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்:
இத்தனை அலை சுத்துதே, எனக்கு ஆகுமா?
சுவரில் இருப்பதற்குப் பயப்பட வேண்டாம்,
பையில் இருப்பதை ஒரு சாண் தள்ளி வையுங்கள்,
பேசும்போது வலது காது.
அவ்வளவுதானா என்றார்.
ஏமாந்தவர் போலிருந்தது முகம்.

கடைசி அறையில் சிகப்பி ஆச்சி.
தொட்டில் கம்பியிலேயே ரவுட்டரைக் கட்டியிருந்தார் அவர் வீட்டுக்காரர்,
பிள்ளை தலைக்கு நாலு விரல் மேலே.
அதன் வயிற்றில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன்:
உடம்புக்கும் ஆன்டெனாவுக்கும் இருபது சென்டிமீட்டர்.
அவிழ்த்து அலமாரி மேல் வைத்தோம்.

பிறகுதான் அவர் குரலைத் தாழ்த்தினார்.
பிள்ளை அழுகையைக் கேட்க அண்ணி
அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய மானிட்டர்.
"ராத்திரி இதுல ஆம்பள சத்தம் வருது.
படைப்பு நேரமில்லையா,
பெரியவுக வந்து பேசுறாகன்னு
மாமியார் சூடம் காட்டுறாக."

சூடக் கரி இன்னும் தட்டில் இருந்தது.
காதில் வைத்தேன். இரைச்சல்.
இரைச்சலுக்குள் இருமல்.
இருமலுக்குப் பின் சோலையப்பன்,
முகப்பு அறையில், கம்பி ஆன்டெனா நீட்டிய
சிங்கப்பூர் கார்ட்லெஸ்ஸில் யாரிடமோ:
"என் பங்க முடிச்சிருங்க.
தேக்குத் தூணத் தனியா பேசிக்கலாம்.
தம்பிகளுக்கு இப்ப வேணாம்,
படைப்பு முடியட்டும்."

ஆச்சி பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார்.
ஒலியைக் குறைத்தேன்.
மானிட்டரைக் கவிழ்த்தேன்.
தேய்ந்த லேபிளில் எறும்பு எழுத்து:
இக்கருவி பிறவற்றுக்குத் தீங்கான குறுக்கீடு செய்யலாகாது.
தனக்கு வரும் எந்தக் குறுக்கீட்டையும்
இக்கருவி ஏற்றுக்கொள்ள வேண்டும்.
இரண்டு முறை படித்தேன்.
எனக்கும் நாலு நாத்தனார்கள்.

லேபிளுக்குக் கீழே நகத்தால் தள்ளும் சின்ன சுவிட்ச்.
ஏ, பி.
பி-க்குத் தள்ளினேன்.

இருமல் போயிற்று. தேக்குத் தூண் போயிற்று.
பிள்ளையின் மூச்சு மட்டும்,
கொஞ்சம் சளியோடு.

"யாரு பேசினது?"
பக்கத்து அலைவரிசை, ஆச்சி.

வேலைச் சீட்டில் எழுதினேன்:
குறுக்கீடு நீக்கப்பட்டது.
வாடிக்கையாளர் கையெழுத்து என்ற கட்டத்தில்
மூத்தவர்தான் போட்டார், நிதானமாக, இனிஷியலோடு.
போன்
வலது பைக்கு மாறியிருந்தது.